மெஷின் ஓடும் நேரத்தில் எழுதியது

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவனுக்கு எதற்கு வலைப்பூ என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னை 'எழுத்தாளரே' என்றுதான் கூப்பிடுவார். பெல்ட் வாங்கப் போனாலும் பேரிங் வாங்கப் போனாலும், கடையில் நிற்கிற மற்ற மெக்கானிக்குகள் காதில் விழும்படி, "எழுத்தாளருக்கு மொதல்ல குடுப்பா, இல்லன்னா நம்மளப் பத்தி ஏதாவது எழுதிடுவாரு" என்பார். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் அந்தப் பட்டம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இப்போது அதை ஒத்துக்கொள்வதில் கூச்சமில்லை.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மறதி. ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி அழும். ஒன்று எண் காட்டும், ஒன்று மூன்று தடவை பீப் அடித்துவிட்டு ஊமையாகிவிடும், ஒன்று விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டே நிற்கும். எது எதற்கு அழுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு வீட்டில் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாயைக் கழற்றும்போது அடியில் வாளி வைக்க மறந்துவிட்டேன். டிரம்மில் நின்ற சோப்புத் தண்ணீர் முழுக்க என் பைக்குள் இறங்கியது. ஆறேழு வருஷத்துக் குறிப்பு, நீல மை கரைந்து, ஒரு பக்கம் பாக்கியில்லாமல் போய்விட்டது. என் மகள்தான் நனையாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள் என்று போனில் வலைப்பூ ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தாள். தமிழில் தட்டவும் சொல்லிக் கொடுத்தாள்.

ஆக, ஆரம்பத்தில் அதில் இருந்தது வெறும் வேலைக் குறிப்புதான். தண்ணீர் இறங்கவில்லையென்றால் எலெக்ட்ரானிக் போர்டைக் கழற்றாதீர்கள், முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் ஹீட்டர்மேல் வெள்ளையாக ஏறும் உப்பை எப்படி எடுப்பது. கடற்கரைக்குக் கிட்டே இருக்கிற வீடுகளில் மெஷினை மொட்டை மாடி ஷெட்டில் வைத்தால் பின்தகடு எப்படிப் பொத்தலாகும். இப்படி. வீடியோ போடலாமே என்று சிலர் சொன்னார்கள். என் குரல் எனக்கே ஆகாது. தவிர, வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால் வீடியோவில் அடித்துத் திருத்த முடியாது. எழுதினால் முடியும் என்று அப்போது நினைத்தேன்.

தொழிலுக்கு அது உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் பிரான்சில் பாரீஸ் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவருடைய அம்மா முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறார். மெஷின் நின்றுபோய்ப் பத்து நாளாகிறது.

"ரெண்டு பேரு வந்து பாத்துட்டு போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க. நீங்க போர்டைக் கழட்டாதீங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதான் கூப்பிட்டேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். யாரோ பீரோவைத் தள்ளிப் போட்டதில் டிரெயின் குழாய் நசுங்கியிருந்தது. பீரோவை அரையடி நகர்த்தினேன், வேலை முடிந்தது. அவர் அங்கே இருக்கிற தன் சிநேகிதர்களுக்குச் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிள்ளை பிரான்சில் இருக்கும், அப்பா அம்மா இங்கே இருப்பார்கள். மெஷின் இங்கே கெட்டால் அழைப்பு அங்கிருந்து வரும். முகம் தெரியாத ஆளை வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குள் அனுப்ப அவர்களுக்குப் பயம். என் எழுத்தைப் படித்துவிட்டு இந்த ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பி அனுப்பினார்கள். சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்த காலத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

தொழில் காரணம் இதோடு முடிந்தது. சொந்தக் காரணம் கொஞ்சம் சிக்கலானது.

மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிறவனின் முதுகைப் பார்த்து ஜனங்கள் பேசுவார்கள். முகத்தைப் பார்த்தால் சொல்லாததையெல்லாம் முதுகிடம் சொல்வார்கள். மருமகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி, வெளிநாட்டிலிருந்து பேசும்போது கேமராவைத் திருப்பாத மகனைப் பற்றி. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லப் போவேன். "மொதல்ல குளிச்சிட்டு வந்து சாப்புடுங்க, ஊரான் வூட்டுக் கதைய அப்புறம் பாக்கலாம்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, நாள் முழுக்க ஒரு துணிக்கடையில் நின்றுவிட்டு வருகிறவள். கதைகள் என்னிடமே தங்கிப்போயின.

எனக்கு நேரமும் இருந்தது. ரிப்பேர் முடிந்ததும் ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுப் பார்க்காமல் நான் கிளம்ப மாட்டேன். மற்றவர்கள் ஐந்து நிமிஷம் சுற்றவிட்டு, "ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். மறுநாள் அந்த அம்மா குளியலறைத் தரையில் நிற்கும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருப்பார். முழுச் சுற்று ஓட முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனை எடுத்துக் கட்டைவிரலால் தட்டுவேன். தண்ணீர் ஏறும், டிரம் திரும்பும், தண்ணீர் இறங்கும், நான் எழுதுவேன். நான் எழுதியதெல்லாம் அடுத்தவர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதியதுதான்.

மெல்ல மெல்ல வேலைக் குறிப்போடு நாலு வரி மனிதர்களையும் சேர்த்தேன். பெயர் போட மாட்டேன், தெரு போட மாட்டேன். அதில் கறாராக இருப்பதாக எனக்கே ஒரு பெருமை. படித்தவர்கள், 'ஐயா, உங்கள் நடை அருமை' என்று கீழே எழுதினார்கள். வீடுகளில் நான் மெஷின்காரர். வாசலில் நின்று, "மெஷின்காரரு வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். வலைப்பூவில் நான் ஐயா. சிக்னலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்திருக்கிறேன், பின்னால் ஹாரன் அடிக்கும்வரை.

அதிகம் பேர் படித்தது 'ஃபில்டரில் கிடைத்தவை' என்ற வரிசை. முன்பக்கம் கதவு வைத்த மெஷின்களில் வலது பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகினால் ஃபில்டர் வரும். சட்டைப் பையில் மறந்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். எது கிடைத்தாலும் ஒரு பேப்பரை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்து, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு ரூபாய் நாணயமானாலும் சரி, கம்மல் திருகாணியானாலும் சரி. மாதா சுரூபம் வைத்த ஜெபமாலைத் துண்டு, யூரோ காசு, சேப்டி பின், ஒரு தடவை ஒரு பால் பல். பேப்பர்மேல் வைத்தபடியே படம் எடுத்துப் போட்டு, அதைப் பற்றி எழுதுவேன். அந்தப் பல்லுக்கு மட்டும் எத்தனை பேர் பதில் எழுதினார்கள்.

இனி சொல்லப்போகும் வீடு சாரம் பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவதற்கு முன் கேட்டபோது, சாரம் என்று போடச் சொன்னவர் அந்த வீட்டு அம்மாவேதான். அவர்கள் இருப்பது அங்கே இல்லை.

அந்த வீட்டுக்கு என்னை அனுப்பியவர் அவருடைய நாத்தனார், முத்தியால்பேட்டையில் இருப்பவர், என் பதிவு ஒன்றைக்கூட விடாமல் படிக்கிறவர். ஒவ்வொன்றுக்கும் கீழே கைகூப்பும் படம் போடுவார். "எங்க தம்பி வூட்டு மெஷினு தண்ணி எறக்க மாட்டுதாம், கொஞ்சம் போய்ப் பாருங்கண்ணே" என்று போன் செய்தார்.

போனேன். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. வீட்டில் வேறு யாருமில்லை. ஹாலில் கணவனும் மனைவியுமாக நிற்கிற ஒரு பெரிய போட்டோ, அதற்குமேல் சின்ன விளக்கோடு இருதய ஆண்டவர் படம். மெஷின் குளியலறைக்கு வெளியே இருந்தது. அதன்மேல் மஞ்சள் பூப்போட்ட திரைத்துணியில் தைத்த உறை. அழகாகத் தைத்திருந்தார், கதவுக்கும் பட்டனுக்கும் சரியாக இடம் விட்டு. ஃபில்டரைத் திருகினேன். ஒரு வாளித் தண்ணீரோடு நான்கு பட்டன்கள் வந்து விழுந்தன. பித்தளை நிறம், மேலே நங்கூரம் போட்டது, பின்னால் வளையம் வைத்தது. செக்யூரிட்டி யூனிபாரத்தில் தோளிலும் பையிலும் இருக்கும் பட்டன். பேப்பரில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அவரிடம் நீட்டினேன். சட்டென்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பழைய சட்டைலேர்ந்து வந்திருக்கும்ண்ணே" என்றார்.

ஆனால் கை கழுவக் குளியலறைக்குள் போனபோது பார்த்தேன். உள்ளே கயிறு கட்டி, கருநீலச் சட்டையும் பேன்ட்டும் காய்ந்துகொண்டிருந்தன. வெளியே மாடியில் சித்திரை வெயில் கொளுத்துகிறது. சட்டை ஜன்னல்கூட இல்லாத குளியலறையில் தொங்குகிறது. நாத்தனார் முன்பே சொல்லியிருந்தார்: தம்பி மில்லில் மேஸ்திரியாக இருந்தான், மில் மூடிய பிறகு ஒரு கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜாகப் போகிறான் என்று. எனக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

மெஷினை ஓடவிட்டேன். ஸ்டூல் கொடுத்தார், காபி கொடுத்தார். நான் போனை எடுத்தேன். கட்டைவிரல் ஓடியது. உலோகப் பட்டன் வைத்த சட்டையைத் திருப்பிப் போட்டுத் துவையுங்கள், வலைப் பைக்குள் போட்டுத் துவைத்தால் இன்னும் நல்லது என்று உருப்படியாகத்தான் ஆரம்பித்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. 'வெளியே அத்தனை வெயில் இருக்க, அந்தப் பெண்மணி தன் கணவரின் காவலாளிச் சட்டையை ஊர்க் கண்ணில் படாமல் குளியலறை இருட்டில் காயவைத்திருந்தார். உழைத்த சட்டைக்கு என்ன வெட்கம்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

"வூட்லேர்ந்து மெசேஜாண்ணே?" என்று கேட்டபடி அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"இல்லம்மா, வேலை விஷயம்" என்றேன்.

அவர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, அவரைப் பற்றியே எழுதிவிட்டு, வேலை விஷயம் என்றேன். இத்தனை நாளாகியும் இதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பதிவைப் போட்டேன். நான் எழுதியதிலேயே அதைத்தான் அதிகம் பேர் படித்தார்கள், பகிர்ந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினார்கள். உழைப்பின் பெருமையை இப்படி யார் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கூட அன்றைக்குக் கிண்டல் செய்யாமல், "நல்லா இருந்துச்சுப்பா" என்றார். நான் தரையில் நிற்கவில்லை.

பெயர் போடவில்லை, தெரு போடவில்லை. படத்தில் பட்டனும் பேப்பரும்தான் இருந்தன என்று நினைத்தேன். மேல் மூலையில் மெஷின் உறை இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அந்த மஞ்சள் பூத்துணி, நாத்தனார் தன் வீட்டுத் திரையைக் கழற்றித் தம்பி வீட்டுக்குக் கொடுத்தது. உலகத்தில் எங்கோ இருக்கிற யாரோ படிக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். என் வாசகர்தான் என்னை அந்த வீட்டுக்கே அனுப்பினார் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. நம்முடையது அவ்வளவு சின்ன ஊர்.

அடுத்து நடந்ததை அந்த அம்மா போனில் சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்லயே நாத்தனார் கேட்டாங்கண்ணே. எல்லாரும் நிக்கிறாங்க. எங்க தம்பி வாட்ச்மேன் வேலைக்குப் போறான்னு எங்ககிட்ட ஏன் மறைச்ச, புருசன் சட்டைய வெளில காயப்போட ஒனக்கு அவ்ளோ கூச்சமா, ராசா மாதிரி இருந்தவனை இப்டி ஒளிச்சி வெச்சிருக்கியேன்னு கேட்டாங்க. போனை எடுத்து நீங்க எழுதினதப் படிச்சிக் காமிச்சாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரும்மா?"

"பக்கத்துலதான் நின்னாரு. வாயத் தொறக்கல." பிறகு, "நான் கூச்சப்பட்டேன்னு ஒங்களுக்கு யாருண்ணே சொன்னது?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. கயிற்றில் ஒரு சட்டை தொங்கியதைப் பார்த்தேன், மீதியை நானே எழுதிக்கொண்டேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டது உண்மைதானே, வெளியே தெரிந்துவிட்டதால் கோபப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். என் வரி பிசகியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். எடுக்கவில்லை. படத்தை மட்டும் வெட்டி, உறை தெரியாதபடி ஆக்கினேன். எழுத்தை விட மனசு வரவில்லை. அத்தனை பேர் படித்தது, அத்தனை பேர் பாராட்டியது. படத்தை எடுத்துவிட்டால் யாருக்கு அடையாளம் தெரியும் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். மெஷினை ஐந்து நிமிஷம் சுற்றவிட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்களை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். நானும் அதையேதான் செய்தேன்.

மனைவியிடம் சொன்னேன். முதல் தடவையாகக் குளிக்கச் சொல்லி விரட்டாமல் முழுக்கக் கேட்டாள். பதிவை வாங்கிப் படித்தாள். "ஒங்கள யாராச்சும் இப்டி எழுதியிருந்தா?" என்றாள். "சர்வீஸ் சென்டர்ல ஒங்கள வேலைய வுட்டு அனுப்பினப்ப, ரெண்டு மாசம் வேலைக்குப் போற மாதிரியே டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போனீங்களே. ஒங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் டெய்லி கட்டிக் குடுத்தேன். அதை ஒருத்தன் எழுதிட்டு, பொண்டாட்டிதான் புருசனுக்கு வேலை போனதை மறைச்சான்னு போட்டா நல்லா இருக்குமா?"

நானாக விலகித் தனியாகத் தொழில் தொடங்கினேன் என்று வலைப்பூவில் என்னைப் பற்றிய பக்கத்தில் எழுதியிருந்தேன். இன்னும் நாலு பேரோடு சேர்த்து என்னை வெளியே அனுப்பினார்கள் என்பதுதான் நிஜம். அந்த மனிதர் ஸ்டோர் இன்சார்ஜ் என்று சொல்லிக்கொண்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தச் சட்டையைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டிருக்க வேண்டியவன் நான்.

அன்றைக்கே பதிவை முழுக்க எடுத்தேன். மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று சொல்லாமல் நிலைப்படியிலேயே நின்றார். மெஷின்மேல் உறை இல்லாததை வாசலிலிருந்தே பார்த்தேன். உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கணவர் அங்கே இருந்தார் போல, வெளியே வரவில்லை.

"எடுத்துட்டேம்மா" என்றேன்.

"எடுத்துட்டா? எல்லாரும் படிச்சிட்டாங்களே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க என்னைப் பேசினது எனக்குப் பெருசில்லண்ணே. இவரும் அப்டித்தான் நெனைக்கிறாரோன்னு இருக்குது. இத்தோட நாலு நாளு, வூட்ல பேச்சு இல்ல."

"நான் தப்பா எழுதிட்டேன்னு ஒரு பதிவு போட்டுடறேம்மா. உங்க நாத்தனாரும் படிப்பாங்க."

"வேணாம். இன்னொண்ணு எழுதாதீங்க. போதும்."

கும்பிட்டுவிட்டு வந்தேன். பெரிய மார்க்கெட் வழியாகத்தான் வண்டியை ஓட்டினேன், மீன் வாங்கிவரச் சொல்லியிருந்தாள் மனைவி. வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு வலைப்பூவில் எண்ணும் பீப்பும்தான். இந்தப் பிழைக்கு இந்தக் காரணம், இந்தப் பாகத்தை மாற்றவும், அவ்வளவு. மனிதர்கள் யாரும் வரவில்லை. 'ஐயா, முன்பு போல எழுதுங்கள்' என்று கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை. மெஷின் ஓடும்போது போனைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, டிரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதற்காக எழுதினேன் என்று யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மறதிக்காக என்றால் எண்கள் போதும். தொழிலுக்காக என்றாலும் எண்களே போதும். மீதியெல்லாம், நானும் ஒரு ஆள் என்று காட்டிக்கொள்ள. என்னை ஐயா ஆக்க, என் முதுகை நம்பிப் பேசியவர்களை எடுத்து உபயோகித்துக்கொண்டேன். என்னைப் பற்றிய பக்கத்தை மட்டும் திருத்தினேன். வேலை போன பிறகு தனியாகத் தொழில் தொடங்கினேன் என்று மாற்றினேன். அதை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம், கடலூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய ஒரு அப்பார்ட்மென்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. கேட்டில் செக்யூரிட்டி ரெஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். பெயர், எந்த வீடு, என்ன காரியம், நேரம். எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அந்த அம்மா வீட்டு ஹாலில் மாட்டியிருந்த போட்டோவில் பார்த்த முகம். மீசை நரைத்திருந்தது. கருநீலச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல்.

அவர் என் பெயரைப் படித்தார். 'வாஷிங் மெஷின் சர்வீஸ்' என்பதையும் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நெட்ல பிளாக்கு எழுதறது நீங்கதானே?"

"ஆமாங்க."

வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "ரெண்டாவது மாடி. லிஃப்ட்டு ஓடல, படியில போங்க" என்றார்.

மேலே போய், தண்ணீர் உள்ளே ஏறும் இன்லெட் வால்வை மாற்றினேன். ஒரு ஸ்குரூவை இரண்டு தடவை கீழே விட்டேன். முழுச் சுற்றும் ஓடவிட்டேன். அன்றைக்கு அந்த முக்கால் மணி நேரம் போதவில்லை. கீழே போனதும் என்ன சொல்வதென்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது ஒரு வார்த்தையும் ஞாபகம் இல்லை.

"என்னால உங்க வீட்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே வந்த கார் ஒன்றுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, வணக்கம் வைத்து, மறுபடி சாத்திவிட்டு வந்தார்.

"எடுத்துட்டீங்கன்னு எம் பொண்டாட்டி சொன்னா. திருப்பி எழுதுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அம்மா வேணாம்னாங்களே" என்றேன்.

"அவ வேணாம்னுதான் சொல்லுவா. என்னை யாரும் ஒண்ணு சொல்லிடக் கூடாது அவளுக்கு." ரெஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே நான் வெளியே போகும் நேரத்தை எழுதினார். எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மொத நாளு சட்டையைத் தொவைச்சி, அவ நேரா மாடிக்குத்தான் எடுத்துட்டுப் போனா. பாதிப் படியில நின்னு கையிலேர்ந்து புடுங்கிட்டு வந்தது நான். ஏன் இப்டிப் பண்றீங்கன்னு அழுதா. குளிக்கிற ரூம்ல கயிறு கட்டினதும் நான்தான். கோயில் வாசல்ல இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. இன்னி வரைக்கும் வரல. நீங்க எழுதுங்க. எங்க அக்கா படிக்கும்."